கடலோரத்துப் பழைய கொங்கிறீட் வீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் 1950, 60-களில் கட்டிய வீடுகளைத் திருத்த இளம் பொறியியலாளர்கள் ஆசையோடு வருகிறார்கள். தட்டைக் கூரை, மெல்லிய சன்செட் (யன்னலுக்கு மேல் நீட்டிய கொங்கிறீட் தட்டு), பூக்கல் (காற்று வர ஓட்டை விட்ட கல்) சுவர், சிவப்புச் சீமெந்து நிலம் உள்ள வீடுகள் அவை. நாங்கள் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகளை இவர்களும் விடுவதைப் பார்க்கிறேன். படம் எடுக்காமல் கழற்றுவது, அளவு எடுக்காமல் இடிப்பது எல்லாம் எவருக்கும் தெரியும். அவற்றை விடுகிறேன்.

சட்டம் காக்கும் என்று இருப்பது

தொல்பொருள் சட்டத்தின் நேரடிக் காவல் 1815 மார்ச் 2-க்கு முந்திய கட்டடங்களுக்குத்தான். இங்குள்ள பழைய பிரெட்ரிக் கோட்டைக்கு உள்ள காவல் உங்கள் வீட்டுக்கு இல்லை. வீட்டுக்காரர் மனம் வைத்தால்தான் உண்டு. முதலில் அவர்களோடு இருந்து பேசுங்கள்.

வெடித்த இடத்தில் மட்டும் சீமெந்து பூசுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். உப்புவெளியில் ஒரு வீட்டுச் சன்செட்டின் அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தது. கழன்றதைத் தட்டி எடுத்து, கம்பியை மேலோட்டமாகத் தேய்த்து, கெட்டியாகச் சீமெந்து பூசி, பெயின்ற் அடித்தார்கள். மாரி முடிய, பூசிய துண்டு அப்படியே நின்றது. அதன் இரு பக்கமும் வெடித்திருந்தது. “அண்ணை, சீமெந்து சரியில்லையோ?” என்று கேட்டார் பொறுப்பாக நின்ற தம்பி.

சீமெந்தில் குறையே இல்லை. கொங்கிறீட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் ஒரு மெல்லிய படலத்தை வைத்துத் துருவைத் தடுக்கிறது. கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கொங்கிறீட்டைப் பிளந்து தள்ளும். ஆனால் துருவேறும் கம்பித் துண்டு, தான் அழிந்துகொண்டே பக்கத்துக் கம்பியைக் காக்கவும் செய்கிறது. அங்கே உப்பில்லாத புதுக் கலவையைப் பூசினால் அந்தக் காவல் போய்விடும். உப்பேறிய பக்கத்துப் பகுதியில் துரு தொடங்கும்.

ஆகவே சன்செட் முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடமெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பினோல்ப்தலீன் என்ற இரசாயனத்தைத் தெளித்தால் காரம் உள்ள இடம் றோஸ் நிறமாகும். உப்பை அது காட்டாது. துளைத்து எடுத்த தூளை ஆழம் ஆழமாகப் பிரித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும்படி வெட்டி, துரு முழுவதும் போகச் சுத்தம் செய்து, ஓரங்களில் கம்பியோடு நாகத் (துத்தநாகம்) துண்டுகளைக் கட்டுங்கள். கம்பிக்குப் பதிலாக நாகம் அரிபடும். வறண்ட கச்சான் காற்றில் புதுக் கலவை மளமளவென்று காய்ந்து வெடிக்கும், அது இறுகும்வரை மேலே மூடிய ஈரச் சாக்கை எடுக்கவே கூடாது.

அப்புறம் ஒன்று: பயத்தில் சன்செட்டை இரண்டு அங்குலம் தடிப்பாக்காதீர்கள். அந்த மெல்லிய விளிம்புதான் அந்த வீட்டின் முகம்.

சிவப்பு நிலத்துக்கு மேல் டைல்ஸ்

வேண்டாம்.

பூக்கல்லை அடைப்பது

நுளம்புக்கு உள்பக்கம் வலைச் சட்டம் போதும்.

கழற்றிக் கொண்டுபோகலாம் என்ற நினைப்பு

கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960-களின் தொடக்கத்தில் கொழும்பில் பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டைப் பிரித்து, பாவாவின் தோட்டமான லுணுகங்கையில் மறுபடி எழுப்பினார்கள். அருமையான வேலை. ஆனால் அந்த வீடு ஓட்டுக் கூரையும் மரத் தூணும் கொண்டது. ஒரேயடியாக வார்த்த தட்டைக் கூரையை வெட்டினால் கம்பியும் அறுந்துவிடும். இங்குள்ள வீடுகளை அவை நிற்கும் இடத்தில்தான் திருத்தவேண்டும்.