ஹைட்டியர் விழாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் வந்தால் மயாமி, புரூக்ளின், பாஸ்டன், மான்ட்ரியல் என, கரீபியக் கடலில் உள்ள ஹைட்டி நாட்டிலிருந்து வந்தவர்கள் வாழும் ஊர்களில் நீலமும் சிவப்புமாகக் கொடிகள் பறக்கும். மே 18 அவர்களுடைய கொடி நாள். அமெரிக்காவில் அந்த மாதமே ஹைட்டிய மரபு மாதம். அலுவலகத்திலோ பிள்ளைகளின் பள்ளியிலோ அந்த விழாவை எடுத்துச் செய்யும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்தால், நல்ல மனதோடு செய்தும் சறுக்குகிற இடங்கள் சில உண்டு.

பெரிய சறுக்கல், பரிதாபத்தில் தொடங்குவது. 2010 நிலநடுக்கம், இடிந்த வீடுகளின் படம், 'ஏழை நாடு' என்று வரவேற்புரை ஆரம்பித்தால், பேரப்பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை போட்டு அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு எப்படி இருக்கும்? பிரெஞ்சு ஆட்சியில் அடிமைகளாக வைக்கப்பட்டவர்களே ஆயுதம் ஏந்தி, நெப்போலியன் அனுப்பிய படையைத் தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்த நாடு அது. அங்கிருந்து தொடங்குங்கள். வறுமையைப் பேசியே ஆகவேண்டும் என்றால் அதன் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. அந்தச் 'சொத்தில்' விடுதலை பெற்ற மனிதர்களும் அடக்கம்! 1838இல் தொகை 9 கோடியாகக் குறைந்தது. ஆனாலும் அதற்காக வாங்கிய கடன்கள் அடைந்து முடிய 1947 ஆகிவிட்டது.

அப்புறம் கொடி. 1803 மே 18 அன்று ஆர்க்கஹாயே ஊரில், பிரெஞ்சு மூவண்ணத்தின் நடுவில் இருந்த வெள்ளையை விடுதலைப் படைத் தலைவர் தெசலின் கிழித்தெறிந்தார், மிஞ்சிய இரண்டு துண்டுகளையும் கத்தரின் ஃப்ளோன் என்ற பெண் சேர்த்துத் தைத்தார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். இன்றைய கொடியில் நீலம் மேலே, சிவப்பு கீழே. இணையத்தில் தேடினால் கறுப்பும் சிவப்புமான கொடி ஒன்றும் கிடைக்கும். அது 1964 முதல் 1986 வரை துவாலியே குடும்பத்தின் சர்வாதிகார ஆட்சியில் பறந்தது. அந்த ஆட்சிக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் தலைக்கு மேல் அதைக் கட்டிவிடாதீர்கள்.

ரெகே பாட்டைப் போடுவதும் வேண்டாம், அது ஜமைக்காவுடையது. ஹைட்டியர் ஆடுவது அவர்களுடைய கொம்பா இசைக்கு.

அழைப்பிதழைப் பிரெஞ்சில் மட்டும் அடிப்பது இன்னொரு தவறு. பிரெஞ்சு பள்ளிக்கும் அலுவலகத்துக்குமான மொழி. வீட்டில் எல்லோரும் பேசுவது கிரெயோல். 1987 அரசியலமைப்பு அதையும் ஆட்சிமொழியாக்கியது. அதை 'உடைந்த பிரெஞ்சு' என்பது அந்த மக்களையே குறைத்துப் பேசுவது. கிராமப்புறத்தில் விருந்தாளி வாசலில் நின்று 'ஒனே!' என்று குரல் கொடுப்பார், உள்ளிருந்து 'ரெஸ்பே!' என்று பதில் வரும். கௌரவம், மரியாதை என்று அர்த்தம். மேடையில் முதல் சொல்லாக அதைச் சொல்லிப் பாருங்கள், அரங்கம் முழுக்கப் பதில் சொல்லும்.

வோடூ என்றதும் ஊசி குத்திய பொம்மையை வைப்பது வேண்டவே வேண்டாம். 2003இல் அரசே அங்கீகரித்த சமயம் அது. அதே நேரம், வந்திருப்பவர்களில் பலர் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டுகள். சிலருக்கு மேடையில் வோடூ சடங்கு பிடிக்காது. முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒற்றுமை என்று பதாகையில் எழுதிவிட்டு, பேச்சாளர்கள் எல்லோரையும் ஒரே தேவாலயத்திலிருந்தோ ஒரே தலைமுறையிலிருந்தோ கூப்பிடுவதும் நடக்கிறது. ஐம்பது வருடம் முன்பு வந்த மருத்துவர், போன வருடம் வந்து ஓட்டலில் வேலை பார்ப்பவர், கிரெயோல் புரிந்தும் பேசத் தயங்கும் இளைஞர் என மூவருக்கும் அங்கே வேலை இருக்க வேண்டும். ஹைட்டியக் கிராமத்தில் ஒருவர் நிலத்தைக் கொத்த ஊரே பறையும் பாட்டுமாகத் திரள்வதற்குக் கொன்பிட் என்று பெயர். நாம் ஊர் கூடித் தேர் இழுப்போமே, அது மாதிரி. விழாவையும் அப்படியே பங்கு பிரித்துக் கொடுங்கள்.

கடைசியாக சூப் ஜுமு. அதை வெறும் பறங்கிக்காய் சூப் என்று பலகையில் எழுதிவிடாதீர்கள். அடிமைகள் சமைத்தார்கள், ஆனால் அவர்கள் குடிக்கக் கூடாது; விடுதலை வந்ததும் ஜனவரி 1 அன்று எல்லோரும் குடித்தார்கள் என்பது அதன் கதை. 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. முந்தின நாளே மாட்டிறைச்சியில் பூண்டு, வெங்காயத்தாள், தைம், மிளகாய் அரைத்த விழுதைத் தடவி ஊறவைப்பார்கள். பறங்கிக்காயை வேகவைத்து மசித்து, முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு, மக்ரோனி சேர்த்து அண்டா நிறையக் கொதிக்கவிட்டு, அக்கம்பக்கத்துக்கும் கிண்ணத்தில் அனுப்புவார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். காய்கறி மட்டும் போட்டும் செய்வார்கள்.