மின்னஞ்சல் வாசகத்தின் நடுவே படம் சேர்ப்பது எப்படி?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவர்க் கசிவு ஏற்பட்டபோது, நிலைமையை விவரமாக எழுதி, கைப்பேசியில் எடுத்த நான்கு படங்களையும் அடியில் இணைத்து, சங்கச் செயலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 'மூன்றாவது படம் எந்த அறை?' என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஐஎம்ஜி என்று தொடங்கி வெறும் எண்களாக முடியும் கோப்புப் பெயர்களைப் பார்த்து அவர் எதைத்தான் கண்டுபிடிப்பார்? 'சமையலறைச் சன்னலுக்கு மேலே காரை உதிர்ந்திருக்கிறது' என்ற வாக்கியத்துக்கு நேர் கீழே அந்தப் படம் இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

கணினியில் ஜிமெயிலைப் பயன்படுத்துவோர் முதலில் வாசகம் முழுவதையும் எழுதி முடித்துவிடுவது நல்லது. எழுதும்போதே படங்களையும் செருகிக்கொண்டு போனால், பின்னர் பத்திகளை மாற்றியமைக்கும்போது படம் ஓரிடத்திலும் அதற்குரிய விளக்கம் வேறிடத்திலுமாகச் சிதறிவிடும். எழுதி முடித்தபின், படம் வரவேண்டிய வாக்கியத்தின் கடைசியில் கர்சரை வைத்து, என்டர் விசையை அழுத்திப் புதிய வரிக்கு வாருங்கள். எழுதும் பெட்டியின் அடிப்பட்டையில், பேப்பர் கிளிப் ஐகானுக்குச் சற்றுத் தள்ளி, மலை வரைந்தது போன்ற சிறிய பட ஐகான் இருக்கும். அதைச் சொடுக்கினால் திறக்கும் சன்னலில் 'அப்லோடு' பகுதிக்குச் சென்று கணினியிலுள்ள படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதே சன்னலில் 'இன்லைன்', 'ஆஸ் அட்டாச்மென்ட்' என இரண்டு தேர்வுகள் இருப்பதைக் கவனியுங்கள். முன்னது படத்தை வாசகத்துக்குள் வைக்கும். பின்னது வழக்கமான இணைப்பாக அடியில் சேர்க்கும். இங்கே தவறுவோர்தாம் அதிகம்.

ஸ்கிரீன்ஷாட்டாக இருந்தால் இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. நகலெடுத்து, கர்சர் நிற்கும் இடத்தில் கண்ட்ரோல் விசையுடன் வி விசையை அழுத்தினாலே வந்து உட்கார்ந்துகொள்ளும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும் படங்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. சில வேளைகளில் படத்துக்குப் பதிலாக அது இருக்கும் முகவரி மட்டுமே மின்னஞ்சலில் பதிவாகும்; அந்தத் தளம் படத்தை நீக்கிவிட்டால், பெறுபவருக்கு வெற்றுக் கட்டம்தான் தெரியும். அத்தகைய படத்தை முதலில் கணினியில் சேமித்து, அங்கிருந்து ஏற்றுவதே பாதுகாப்பானது.

எவ்வளவு முயன்றும் படம் உள்ளே வரவில்லையென்றால், ஜிமெயிலின் எழுதும் பெட்டியிலுள்ள மூன்று புள்ளி மெனுவில் 'பிளெயின் டெக்ஸ்ட் மோட்' என்பதற்கு எதிரே குறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முறையில் வெறும் எழுத்தைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. அவுட்லுக்கிலும் இதே கதைதான்: 'ஃபார்மட் டெக்ஸ்ட்' பகுதியில் படங்களையும் ஏற்கும் வடிவமான எச்டிஎம்எல் தேர்வாகியிருக்க வேண்டும், அதன்பின் 'இன்சர்ட்' பகுதியிலுள்ள 'பிக்சர்ஸ்' வழியாகப் படத்தைச் சேர்க்கலாம்.

படக் கோப்பின் அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1992 மார்ச் 11 அன்று நத்தானியேல் போரன்ஸ்டைன் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர், தாம் பாடிவந்த நால்வர் குழுவின் படத்தை மைம் என்னும் முறைப்படி மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினார். எழுத்துகளை மட்டுமே சுமக்கத் தெரிந்த அஞ்சலில் படத்தை ஏற்றுவதற்கு, படத்தின் ஒவ்வொரு மூன்று பைட்டையும் நான்கு எழுத்துகளாக மாற்றும் வழி அம்முறையில் கையாளப்பட்டது. இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆகவே 3 எம்பி படம் ஏறத்தாழ 4 எம்பி ஆகப் பயணம் செய்கிறது. தலா 4 எம்பி உள்ள நான்கு படங்களைச் சேர்த்தால் மடல் 21 எம்பியைத் தாண்டிவிடும். ஜிமெயிலில் இணைப்புகளுக்கான எல்லை 25 எம்பி. இதைவிடக் குறைந்த எல்லை வைத்திருக்கும் அலுவலகங்களும் உண்டு.

படத்தைச் செருகிய பின் அதைச் சொடுக்கினால், ஜிமெயிலில் 'ஸ்மால்', 'பெஸ்ட் ஃபிட்', 'ஒரிஜினல் சைஸ்' என்ற தேர்வுகள் தோன்றும். இவை கண்ணுக்குத் தெரியும் அளவை மாற்றுமே தவிர, கோப்பின் எடையைக் குறைப்பதில்லை. எடை குறைய வேண்டுமானால், செருகுவதற்கு முன்பே விண்டோஸிலுள்ள பெயின்ட் மென்பொருளில் படத்தைத் திறந்து, 'ரீசைஸ்' சன்னலில் பிக்சல் முறையைத் தேர்ந்து, அகலத்தை 1000 என்று மாற்றி, ஜேபெக் வடிவில் வேறு பெயரில் சேமியுங்கள். காரை உதிர்ந்ததைக் காட்ட இந்த அளவே தாராளம். கோப்பும் பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும். வேறு பெயரில் சேமிக்கச் சொன்னது மூலப்படம் அழியாமலிருப்பதற்காக. பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்கும் நாள் வரும்.

ஐபோனில் எடுத்த படங்கள் எச்இஐசி வடிவில் இருந்தால், பெறுபவரின் கணினியில் அவை திறக்காமல் போகலாம். செட்டிங்ஸில் கேமரா, பின்னர் ஃபார்மட்ஸ் என்று சென்று 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்துவிட்டால், அதன்பின் எடுக்கும் படங்கள் ஜேபெக் வடிவிலேயே சேரும். கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பும் பதிந்திருக்கக்கூடும். சங்கச் செயலாளருக்கு நம் வீடு தெரிந்ததுதான். ஆனால் பழைய கட்டிலை விற்பதற்காக முன்பின் தெரியாதவருக்குப் படம் அனுப்பும்போது அந்தக் குறிப்பு எதற்கு? விண்டோஸில் படத்தின் 'ப்ராப்பர்ட்டீஸ்' சன்னலில், 'டீடெய்ல்ஸ்' பகுதியின் அடியில், இத்தகைய விவரங்களை நீக்கும் வழி இருக்கிறது.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே, 'படம் 2: கூடம், கிழக்குச் சுவர்' என்பதுபோல ஒரு வரி எழுதுங்கள். பதில் எழுதுபவர் 'படம் 2-இல் உள்ளதை நாளை பார்க்கிறோம்' என்று எளிதாகக் குறிப்பிடலாம். ஏதோ காரணத்தால் படம் தோன்றாவிட்டாலும் அந்த வரி நிற்கும். பார்வையற்றோர் திரைவாசிப்பு மென்பொருளின் துணையுடன் படிக்கும்போதும் இது உதவும். அவுட்லுக்கிலும் தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் மென்பொருளிலும் படத்துக்கென மாற்று உரை எழுதத் தனி இடமே உண்டு. தேதி, தொகை, தொலைபேசி எண் போன்றவற்றைப் படத்துக்குள் மட்டும் வைத்து அனுப்பாதீர்கள். அவற்றை நகலெடுக்கவும் முடியாது, பிற்பாடு மடலைத் தேடும்போது அகப்படும் என்ற உறுதியும் இல்லை.

அனுப்புவதற்கு முன் உங்கள் முகவரிக்கே ஒரு பிரதி அனுப்பி, அதைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். பின்னணியில்லாத பிஎன்ஜி படத்தில் கறுப்பு எழுத்து இருந்தால், கைப்பேசியின் கருந்திரை அமைப்பில் அந்த எழுத்து கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அப்படி நேர்ந்தால், படத்துக்கு வெள்ளைப் பின்னணி கொடுத்துச் சேமித்து மறுபடி செருகுங்கள்.