விசா இல்லாமல் மலேசியா செல்லுமுன் சரிபார்க்க வேண்டியவை

களியக்காவிளை, பாறசாலைப் பகுதித் தமிழர்கள் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, விசா இன்றி 30 நாள் வரை மலேசியாவில் தங்கிவர முடியும். 2023 டிசம்பரில் தொடங்கிய இச்சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இருப்பினும் டிக்கெட் எடுக்குமுன் நடப்பு விதியைப் பார்த்துவிடுங்கள்.

அங்கே இறங்கும் நாளிலிருந்து பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். அதைவிடக் கவனம் தேவைப்படுவது பெயரில்தான். நம் பக்கத்தில் ஆதாரில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயரும் இருப்பது சாதாரணம் என்பதால், டிக்கெட் போடுபவரிடம் ஆதாரைக் கொடுக்காமல், பாஸ்போர்ட்டைக் கொடுத்து, அதிலுள்ள எழுத்துகளை அப்படியே பதியச் சொல்லுங்கள்.

மலேசியா போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது வேறு தளம்.

திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றை அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். உறவினர் வீட்டில் தங்குவோர் அவ்வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருப்பது நல்லது.

சுற்றுலாவாகப் போய் அங்கேயே வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆசைகாட்டும் ஏஜெண்டை நம்பவே வேண்டாம். இந்த அனுமதியில் வேலை பார்ப்பது சட்டவிரோதம், பிடிபட்டால் சிறைக்கும் நாடு கடத்தலுக்கும் ஆளாக நேரிடும்.