சிஓடூ 27 என்றால் சும்மா விடலாமா?

ஐசியூவுக்குப் புதிதாக வரும் ஜூனியர்களிடம் நான் கேட்பது: வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஏபிஜியில் (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) சிஓடூ, அதாவது கார்பன் டை ஆக்சைடு, 27 வந்தால் என்ன செய்வீர்கள்? "கம்மிதானே சார், பரவாயில்லை" என்பார்கள். இயல்பு அளவு 35 முதல் 45. அதற்குக் கீழே போனால் மூளைக்கு ரத்தம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். வயிற்றுக்கும் குறையும் என்பது மறந்துபோகிறது. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு குடலுக்கும் கல்லீரலுக்கும்தான் போகிறது. சிஓடூ இறங்கினால் அந்தக் குழாய்கள் சுருங்கும். அதை இறக்கும்படி வென்டிலேட்டரில் நாம் கொடுத்த கூடுதல் மூச்சு நெஞ்சுக்குள் அழுத்தத்தை ஏற்றி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தையும் தடுக்கும். குடலுக்கு மத்தளம் போல இரண்டு பக்கமும் இடி.

முதலில் பிஎச்சை, அதாவது ரத்தத்தின் அமில-கார அளவைப் பாருங்கள். பிஎச் 7.54, பைகார்பனேட் (ரத்தத்தில் அமிலத்தை முறிக்கும் உப்பு) 22 என்றால் நாம்தான் அதிகமாக ஊதுகிறோம். பைகார்பனேட் 12, பிஎச் 7.28 என்றால் உடம்பு அமிலத்தைச் சமாளிக்கிறது. அங்கே ரேட்டில் (வென்டிலேட்டர் நிமிடத்துக்குக் கொடுக்கும் மூச்சு எண்ணிக்கை) கை வைக்காதீர்கள்.

அப்புறம் கணக்கு. டைடல் வால்யூமை (ஒரு மூச்சில் போகும் காற்றின் அளவு) மாற்றாமல் ரேட்டை மட்டும் குறைப்பதானால், இப்போதைய ரேட்டை இப்போதைய சிஓடூவால் பெருக்கி, வேண்டிய சிஓடூவால் வகுக்க வேண்டும். 22 பெருக்கல் 27, வகுத்தல் 40: சுமார் 15. தோராயம்தான், அரைமணி கழித்து ஏபிஜி எடுத்தே ஆக வேண்டும். நோயாளி தானாகவே 26 மூச்சு இழுத்துக்கொண்டிருந்தால் ரேட்டைக் குறைத்து ஒன்றும் ஆகாது. வலி, காய்ச்சல், பயம், எது என்று பாருங்கள்.

மானிட்டரில் வரும் எண்ட் டைடலை (வெளிவிடும் மூச்சின் முடிவில் இருக்கும் சிஓடூ) மட்டும் நம்பி இதைச் செய்யக் கூடாது. பிரஷர் விழுந்த நோயாளிக்கு நுரையீரலுக்குப் போகும் ரத்தமே குறைவு; எண்ட் டைடல் 25 காட்டும், ரத்தத்தில் 45 இருக்கும்.

சரி, அப்படியானால் சிஓடூவை ஏற்றிவிட்டால் குடலுக்கு நல்லதா? ஓரளவு ஏறினால் குழாய்கள் விரிந்து ரத்த ஓட்டம் பெரும்பாலும் கூடும். ஆனால் அதற்காக வேண்டுமென்றே ஏற்ற மாட்டேன். ஏஆர்டிஎஸ்ஸில் (நுரையீரல் திடீரென்று கடுமையாகப் பாதிக்கப்படும் நிலை) சின்ன டைடல் வால்யூம் வைக்கும்போது தானாக ஏறுவதை, பிஎச் 7.2-க்கு மேல் இருக்கும்வரை பொறுத்துக்கொள்வேன், அவ்வளவுதான். தலையில் அடி, வலது இதயம் பலவீனம் இருந்தால் அதுவும் கிடையாது.

வயிறு உப்பி இறுகியிருந்தால் சிஓடூவோடு நிற்காமல் சிறுநீர்ப்பை வழியாக வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்துவிடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு வெளிவிடும் முடிவில், 25 மில்லிக்கு மேல் சலைன் விடாமல். 12 மில்லிமீட்டர் மெர்குரியைத் தாண்டினால் பீப்பை (மூச்சை வெளிவிட்ட பிறகும் நுரையீரலில் வென்டிலேட்டர் விட்டுவைக்கும் அழுத்தம்) கூட்டும் முன் என்னைக் கூப்பிடுங்கள்.