வளித் தர எண்ணை வாசிக்கும் முறை

கடலோரம் வசிப்பதால் எப்போதும் தூய காற்றே கிடைக்கும் என்று திருகோணமலையில் பலர் எண்ணுகின்றனர். ஆனால் வாடைக்காற்று வீசும் மாதங்களில் இந்தியப் பெருநிலப்பரப்பின் மாசும் வங்கக் கடலைத் தாண்டி வருவதுண்டு. 2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்று மாசு காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமோ மத்திய சுற்றாடல் அதிகாரசபையோ வெளியிடும் எண்ணைப் பார்க்கும்போது, அது சுட்டெண்ணா (மாசின் அளவைப் பொதுவான ஓர் அளவுகோலுக்கு மாற்றித் தரும் எண்), ஒரு கனமீற்றர் காற்றிலுள்ள மைக்ரோகிராம் அளவா என்பதை முதலில் கவனியுங்கள். 2.5 மைக்ரோமீற்றருக்கு உட்பட்ட நுண்துகள்களின் 24 மணிநேரச் சராசரி 40 மைக்ரோகிராம் எனில், அது இலங்கையில் 2008இல் விதிக்கப்பட்ட 50 என்ற வரம்புக்குள் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த 15ஐ வெகுவாக மீறும். அமெரிக்கச் சுட்டெண்ணிலோ 100ஐத் தாண்டிச் செம்மஞ்சள் நிறத்தில் தோன்றும். காற்று என்னவோ ஒன்றுதான்.

வீட்டில் ஆஸ்துமா நோயாளரோ குழந்தைகளோ இருந்தால் 15ஐயே அளவுகோலாகக் கொள்வது நல்லது. மாலையில் உட்துறைமுக வீதியில் நடக்கச் செல்வதா என்று முடிவெடுக்க அந்த மணிநேரத்து அளவு போதும். ஆனால் அதனை இந்த வரம்புகளோடு ஒப்பிடக் கூடாது, ஏனெனில் அவை நாள் முழுவதற்குமான சராசரிக்கு உரியவை.