வெடிகுண்டு ரோபோ ப்ராஜெக்ட் செய்கிறீர்களா? முதலில் இந்தத் தவறுகளைப் பாருங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் பக்கம் எந்த இன்ஜினியரிங் கல்லூரி கண்காட்சிக்குப் போனாலும் ‘வெடிகுண்டைக் கண்டுபிடித்துச் செயலிழக்க வைக்கும் ரோபோ’ என்று ஒன்று மேசை மேல் ஓடிக்கொண்டிருக்கும். யோசனை நல்லதுதான், ஆனால் அடிப்படையிலேயே பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில், ரோபோவை ஃபோனிலிருந்து இயக்கப் போடுகிற ப்ளூடூத். அதற்கு வழக்கமாக மாட்டுகிற ஹெச்சி-05 மாட்யூல் 10 மீட்டர் எட்டினாலே பெரிது, குண்டுக்கு 10 மீட்டர் பக்கத்தில் நீங்களே நிற்பதென்றால் ரோபோ எதற்கு? ஆளைத் தள்ளி நிறுத்தத்தானே இந்த வண்டி! நம் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ உருவாக்கிய ‘தக்‌ஷ்’ ரோபோவைச் சுமார் 500 மீட்டர் தள்ளி இருந்து இயக்கலாம்.

இதைவிட மோசம், சிக்னல் அறுந்தால் என்ன ஆகும் என்று யாருமே யோசிக்காதது. ஆப்பில் முன்னே போகும் பட்டனை அழுத்துகிறீர்கள், ‘எஃப்’ என்ற எழுத்து போகிறது, நிறுத்தும் எழுத்து வரும்வரை மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும்படிதான் பெரும்பாலும் கோட் எழுதியிருக்கிறார்கள். நடுவில் இணைப்பு போனால் வண்டி நேராகக் குண்டின் மேலேயே போய் முட்டும். அரை விநாடி கட்டளை எதுவும் வராவிட்டால் மோட்டார் தானே நிற்க வேண்டும், நாலு வரி கோட்தான். நிஜக் களத்தில் ரேடியோ சிக்னல்களை முடக்கும் ஜாமர் போட்டால் ரோபோவின் சிக்னலும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளலாம் என்பதால் கேபிள் இழுத்துச் செல்லும் ரோபோக்களும் உண்டு, அதை மட்டமாக நினைக்காதீர்கள்.

மெட்டல் டிடெக்டரை மாட்டிவிட்டு வெடிபொருளைக் கண்டுபிடிக்கும் என்று போர்டு வைப்பது அடுத்தது. அது உலோகத்தைத்தான் கண்டுபிடிக்கும், எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்கும் கத்தும். மோப்ப நாயும் எக்ஸ்ரே கருவியும் செய்கிற வேலை வேறு.

அப்புறம் சினிமாவில் வெட்டுகிற அந்தச் சிவப்பு ஒயர், பச்சை ஒயர் சமாச்சாரம். தக்‌ஷில் ஒயர் வெட்டுவதை நம்பியிருக்கவில்லை, அதிவேக நீரைப் பீய்ச்சிக் குண்டின் சர்க்யூட்டைச் சிதறடிக்கிற கருவி இருக்கிறது. 1972-ல் பிரிட்டிஷ் ராணுவம் வட அயர்லாந்துக்காகச் செய்த ‘வீல்பேரோ’ ரோபோவின் முதல் வேலையே சந்தேகமான காரில் கொக்கி மாட்டி இழுக்க உதவுவதுதான். அதனால் ஒயர் வெட்டும் கட்டருக்குச் செலவழிக்காமல் நல்ல கேமராவுக்குச் செலவழியுங்கள், படம் தாமதமாக வந்தால் ரோபோவின் கை எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

மேசையில் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். படித்துறைப் படியிலும் ஆற்று மணலிலும் ஈரக் களிமண்ணிலும் விட்டுப் பாருங்கள், ப்ராஜெக்ட் வண்டிகளில் மாட்டுகிற அந்த மஞ்சள் பிளாஸ்டிக் சக்கரங்கள் இரண்டே நிமிடத்தில் மாட்டிக்கொள்ளும். கையை நீட்டிப் பாரம் தூக்கும்போது வண்டி குப்புற விழாமலிருக்க பேட்டரியைப் பின்பக்கம் தாழ்வாக வையுங்கள்.

டெமோவுக்குப் பட்டாசு மருந்து வேண்டவே வேண்டாம், எல்இடி எரியும் டம்மி டப்பா போதும். 2024-ல் திருச்சி பக்கம் அந்தநல்லூர் காவிரிக் கரையில் ராக்கெட் லாஞ்சர் கிடைத்ததே, அப்படி ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால் ப்ராஜெக்ட் ரோபோவைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், தள்ளிப் போய் 112-க்குக் கூப்பிடுங்கள்.