வினையும் பிரிப்பும் ஒரே கோபுரத்தில்: மேம்பட்ட வேதிச் செயல்முறையை உருவாக்கும் வழி

வேதி ஆலைகளில் வினை நடக்கும் கலன் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதிலிருந்து வெளிவரும் கலவையைப் பிரித்துத் தூய்மையாக்கும் கோபுரங்களும் தொட்டிகளும் குழாய்களுமே ஆலையின் பெரும்பகுதியை நிறைத்திருக்கும்; நீராவிச் செலவிலும் பெரும்பங்கு பெரும்பாலும் அவற்றுக்கே போகும். ஆகையால் செயல்முறையை மேம்படுத்த விரும்புகிறவர் வினையை ஒரு துறையாகவும் பிரிப்பை வேறொரு துறையாகவும் வைத்துக்கொண்டு தனித்தனியே திருத்த முற்படக் கூடாது. இரண்டையும் ஒரே கேள்வியாகப் பார்க்கப் பழக வேண்டும் என்பதை கரைப்பானாகப் பயன்படும் மெத்தில் அசிட்டேட் என்ற எஸ்டரின் தயாரிப்பைக் கொண்டு இங்கே விளக்குகிறேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள கிங்ஸ்போர்ட்டில், ஈஸ்ட்மேன் நிறுவனத்தின் பொறியாளர்கள் 1980களின் தொடக்கத்தில் இந்த வேலையை ஒரே கோபுரத்தில் செய்து காட்டினார்கள்.

முதலில் ஒரு தாளில் கணக்கு

கருவிகளைப் பற்றி எண்ணுவதற்கு முன் வினைச் சமன்பாட்டை எழுதி எடைக்கணக்குப் போடுங்கள். அசிட்டிக் அமிலமும் மெத்தனாலும் சேர்ந்து மெத்தில் அசிட்டேட்டும் நீரும் உண்டாகின்றன. 1 டன் மெத்தில் அசிட்டேட்டுக்கு ஏறத்தாழ 811 கிலோ அமிலமும் 432 கிலோ மெத்தனாலும் வேண்டும்; உடன் விளையும் நீர் 243 கிலோ. இங்கே வீணாவது நீர் மட்டுமே என்பதால் வினையை மாற்ற வேண்டிய தேவை இல்லை. எல்லா வினைகளும் இப்படி இருப்பதில்லை. இபுபுரூஃபன் மருந்துக்கு 1960களில் உருவான ஆறு படி வழியில், மூலப்பொருள்களின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடுதான் மருந்தாக மாற முடியும். டெக்சாஸ் மாநிலத்தின் பிஷப் நகரில் 1992இல் நடைமுறைக்கு வந்த மூன்று படி வழியில் அது ஏறத்தாழ 77 விழுக்காடாக உயர்ந்தது. வினையே வீணடிப்பதாக இருந்தால், எவ்வளவு சிறந்த பிரிப்பு முறையாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. அப்போது வினைப்பாதையைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

அடுத்து சமநிலையைப் பாருங்கள். மெத்தில் அசிட்டேட் உருவாகும் வினை மீள்வினை; அதாவது விளைபொருள்கள் திரும்பவும் மூலப்பொருள்களாக மாறக்கூடியவை. அதன் சமநிலை மாறிலி ஏறத்தாழ 5. சம மோல் அளவில் இரு மூலப்பொருள்களையும் கலந்தால் ஏறத்தாழ 70 விழுக்காடு மாற்றத்தோடு வினை நின்றுவிடும். ஆகவே வினைக்கலனிலிருந்து நான்கு பொருள்களும் கலந்தே வெளிவரும். அவற்றின் கொதிநிலைகளை வரிசைப்படுத்துங்கள்: மெத்தில் அசிட்டேட் 57, மெத்தனால் 65, நீர் 100, அசிட்டிக் அமிலம் 118 டிகிரி செல்சியஸ். இந்த வரிசையை மட்டும் பார்த்தால் காய்ச்சி வடிப்பது எளிது என்று தோன்றும். ஆனால் மெத்தில் அசிட்டேட் மெத்தனாலோடும் நீரோடும் தனித்தனியே கொதிநிலை மாறாக் கலவைகளை, அதாவது காய்ச்சினாலும் பிரியாமல் ஒரே சேர்மானத்தில் ஆவியாகும் கலவைகளை, உண்டாக்குகிறது. அந்தக் கலவைகள் தூய மெத்தில் அசிட்டேட்டைவிடக் குறைந்த வெப்பநிலையில் கொதிப்பதால், ஆவியும் திரவமும் சந்திக்கும் தட்டுகளைக் கோபுரத்துக்குள் எத்தனை வைத்தாலும் உச்சியில் அவையே முதலில் வெளியேறும். நீரிலிருந்து அசிட்டிக் அமிலத்தின் கடைசித் துளிகளை வடித்துப் பிரிப்பதும் கடினம். கொதிநிலையில் 18 டிகிரி வேறுபாடு இருந்தும், நீர் மிகுந்த கலவையில் ஆவியின் சேர்மானமும் திரவத்தின் சேர்மானமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. இந்தச் சிக்கல்களை ஒவ்வொன்றாகத் தீர்க்க ஒவ்வொரு கோபுரம் கட்டிக்கொண்டே போனதால்தான் பழைய முறையில் ஏறத்தாழ பத்துப் பெருங்கலன்கள் தேவைப்பட்டன.

தடையை எழுதுங்கள், கருவியை எழுதாதீர்கள்

இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள் என்பது என் கருத்து. படம் வரையத் தொடங்கும்போதே வினைக்கலன், முதல் கோபுரம், இரண்டாம் கோபுரம் என்று பெட்டிகளைப் போட்டுவிட்டால், அதன்பின் எண்ணம் அந்தப் பெட்டிகளை விட்டு வெளியே வராது. அதற்குப் பதிலாக, கையில் இருப்பதற்கும் வேண்டியதற்கும் இடையிலான வேறுபாடுகளை மட்டும் எழுதுங்கள்: மாற்றம் 70 விழுக்காட்டில் நிற்கிறது, எஸ்டரோடு (மெத்தில் அசிட்டேட்டோடு) நீர் ஒட்டிக்கொள்கிறது, எஸ்டரோடு மெத்தனாலும் ஒட்டிக்கொள்கிறது, நீரோடு அமிலம் தங்கிவிடுகிறது. இப்படி வேறுபாடுகளை அடுத்தடுத்து நீக்குவதன் மூலம் செயல்முறையைக் கட்டும் முறையை, ஈஸ்ட்மேனில் பணியாற்றிய ஜெஃப்ரி சிரோலா வளர்த்தெடுத்தார்.

பட்டியல் தயாரான பிறகு ஒவ்வொரு தடைக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதை நீக்கக்கூடிய பொருள் ஏற்கெனவே இந்த ஆலைக்குள் இருக்கிறதா? வெளியிலிருந்து புதிய கரைப்பானைக் கொண்டுவந்தால் அதையும் பிரித்து மீட்க இன்னொரு கோபுரம் வேண்டியிருக்கும். மெத்தில் அசிட்டேட்டில் விடை கண்முன்னே இருந்தது. அசிட்டிக் அமிலம் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது; ஆகவே எஸ்டர் ஆவியிலிருந்து நீரைப் பிரித்தெடுக்க மூலப்பொருளான அந்த அமிலத்தையே பயன்படுத்தலாம். சமநிலைத் தடைக்கும் விடை உள்ளேயே இருந்தது: உருவான எஸ்டரும் நீரும் உடனுக்குடன் விலகிப்போனால் வினை நிற்காமல் தொடரும்.

இவ்விரண்டையும் ஒரே கோபுரத்தில் பொருத்திப் பாருங்கள். எளிதில் ஆவியாகாத அமிலத்தை மேற்பகுதியிலும், எளிதில் ஆவியாகும் மெத்தனாலைக் கீழ்ப்பகுதியிலும் செலுத்துகிறோம். அமிலம் திரவமாக இறங்குகிறது, மெத்தனால் ஆவியாக ஏறுகிறது. வினையூக்கியான கந்தக அமிலம் இருக்கும் நடுத் தட்டுகளில் இரண்டும் சந்தித்து வினைபுரிகின்றன. இந்த எதிரோட்டத்தின் நயத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். வினைப்பகுதியின் மேல்முனையில் அமிலம் மிகுந்திருப்பதால், தப்பி மேலே வரும் சிறிதளவு மெத்தனாலும் அங்கே வினைபுரிந்து தீர்கிறது. கீழ்முனையில் மெத்தனால் மிகுந்திருப்பதால் எஞ்சிய அமிலமும் அவ்வாறே தீர்கிறது. இரு மூலப்பொருள்களையும் சம மோல் அளவில் செலுத்தினாலும், அந்தந்த முனையில் தேவையான பொருள் மிகுதியாகவே இருக்கிறது. வினைப்பகுதிக்கு மேலே, எஸ்டர் ஆவியோடு வரும் நீரை இறங்கும் அமிலம் ஈர்த்துக்கொள்கிறது. அமிலம் நுழையும் இடத்துக்கும் மேலே எஸ்டரையும் அமிலத்தையும் பிரித்தால் போதும். 57க்கும் 118க்கும் இடையே அது சிக்கலற்ற வேலை. அடிப்பகுதியில் நீரிலிருந்து மெத்தனாலை ஆவியாக விரட்ட வேண்டும். அவை கொதிநிலை மாறாக் கலவை உண்டாக்குவதில்லை. நீரிலிருந்து அமிலத்தைப் பிரிக்கும் கடினமான வேலையோ தேவையற்றதாகிவிட்டது, ஏனெனில் அடிப்பகுதிக்கு அமிலம் வந்து சேர்வதே இல்லை. முதலீடும் எரிசக்தியும் பழைய முறையில் ஆனவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன.

எங்கே ஒன்றாக்கக் கூடாது

இந்த வழி எல்லா வினைக்கும் பொருந்தாது. வினை நடக்கும் வெப்பநிலையும் அழுத்தமும் பிரிப்புக்கு வேண்டிய வெப்பநிலை, அழுத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். கந்தக அமிலத் தயாரிப்பைப் பாருங்கள்: கந்தக டைஆக்சைடு டிரைஆக்சைடாக மாறுவது 400 டிகிரிக்கு மேல், வனேடியம் பென்டாக்சைடு வினையூக்கியின் மீது, டிரைஆக்சைடை 98 விழுக்காட்டு அமிலத்தில் உறிஞ்சுவது அதைவிட மிகக் குறைந்த வெப்பநிலையில். இரண்டையும் ஒரே கலனில் அடக்க முடியாது. ஆனால் அதே கருத்தை வேறு வடிவில் கையாளலாம். 1960களில் பேயர் நிறுவனம் நடைமுறைக்குக் கொண்டுவந்த இரட்டை உறிஞ்சல் முறையில், வினையூக்கி அடுக்குகளின் நடுவே வாயுவை வெளியே எடுத்துக் குளிர்வித்து, டிரைஆக்சைடை உறிஞ்சி நீக்கியபின் எஞ்சிய வாயுவை மீண்டும் சூடாக்கி அடுத்த அடுக்குக்கு அனுப்புகிறார்கள். மாற்றம் ஏறத்தாழ 98 விழுக்காட்டிலிருந்து 99.5க்கு மேல் உயர்ந்தது. புகைபோக்கி வழியே போகும் டைஆக்சைடின் கணக்கில் பார்த்தால், 2 பங்கு அரைப் பங்காகக் குறைந்திருக்கிறது. ஆலைக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு இது பெரிய வேறுபாடு. விளைபொருளின் கொதிநிலை மூலப்பொருள்களின் கொதிநிலைகளுக்கு நடுவே இருந்தாலும், வினை மிக மெதுவாக நடந்தாலும் ஒன்றாக்கும் முயற்சியை நன்கு யோசித்தே தொடங்க வேண்டும்.

சோதித்துப் பார்க்கும்போது

கணினி மாதிரியை நம்புவதற்கு முன் வினைவேகத்தையும் ஆவி–திரவச் சமநிலையையும் நீங்களே அளந்து கொள்ளுங்கள். மெத்தில் அசிட்டேட் வினை, சாதாரணத் தட்டில் திரவம் தங்கும் சில நொடிகளில் முடிந்துவிடும் அளவுக்கு விரைவானதன்று. அதனால்தான் அந்தக் கோபுரத்தில் மிகுந்த திரவத்தைத் தேக்கிவைக்கும் தட்டுகளை அமைத்தார்கள். உச்சியில் குளிரவைத்த திரவத்தில் ஒரு பகுதியை மீண்டும் கோபுரத்துக்குள் விடும் ரிஃப்ளக்ஸ் அளவிலும் விழிப்பு வேண்டும். சாதாரணக் கோபுரத்தில் ரிஃப்ளக்ஸ் கூடினால் தூய்மை கூடும். இங்கே அது அளவுக்கு மீறினால் விளைபொருளான எஸ்டரே வினைப்பகுதிக்குள் திரும்பி வந்து அமிலத்தின் செறிவைக் குறைத்துவிடும். மாற்றம் குறையும், தூய்மையும் குறையும். மிகக் குறைவாக இருந்தாலும் மாற்றம் குறையும். நடுவே உள்ள ஏற்ற எல்லையைச் சோதனை மூலமே கண்டறிய வேண்டும்.

சோதனைக் கோபுரத்தைச் சில மணி நேரம் ஓட்டிவிட்டு முடிவு எழுதாதீர்கள். மூலப்பொருளில் மிகச் சிறிய அளவில் இருக்கும் மாசு, கொதிநிலையில் இடைப்பட்டதாக இருந்தால் உச்சிக்கும் போகாமல் அடிக்கும் போகாமல் நடுத் தட்டுகளில் நாள்தோறும் சேர்ந்துகொண்டே இருக்கும். நான் பார்த்த ஒரு சோதனையில் முதல் வாரம் எல்லாம் செம்மையாக இருந்து, மூன்றாம் வாரத்தில் நடுப்பகுதியின் வெப்பநிலை விளங்காத வகையில் சரியத் தொடங்கியது. பக்கவாட்டுக் குழாய் ஒன்றைப் பொருத்தி அந்தப் பொருளை வெளியே எடுத்த பிறகே அது சீரானது. ஆகவே ஆய்வகத்தில் வாங்கிய தூய வேதிப்பொருளை வைத்தல்லாமல், ஆலைக்கு உண்மையில் வரவிருக்கும் சரக்கை வைத்தே ஓட்டுங்கள். நாள்தோறும் உள்ளே போன எடையையும் வெளியே வந்த எடையையும் ஒப்பிட்டு எழுதுங்கள். கணக்கு இடித்தால் அதன் காரணம் தெரியும்வரை அடுத்த சோதனைக்குப் போக வேண்டாம். சூடான கந்தக அமிலம் படும் பகுதிகளில் உலோகத் துண்டுகளைத் தொங்கவிட்டு, அரிமானத்தை எடையிட்டு அறியலாம். பெரிய கோபுரத்துக்கு எந்த உலோகக் கலவை வேண்டும் என்பது அதிலிருந்தே முடிவாகும். அந்தச் செலவையும் சேர்த்த பிறகும் புதிய முறை மலிவாக நிற்கிறதா என்று முதலில் எழுதிய தாளில் மீண்டும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.